கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு

மார்ச் 3

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். இந்த ஒரு வரிக்காகத்தான் உறையைக் கிழித்திருப்பாய், அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன். இனி என் விஷயம்.

போனில் பேச மாட்டேன். உடம்பு கெட்டுக் கிடந்த அந்த மூன்று வாரத்தில் உனக்கு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு செய்தி அனுப்பினேன் என்று வார்டில் நர்ஸிடம் எண்ணிச் சொன்னவள் நீதான். அந்தப் போனை நானே கம்பெனி லாக்கரில் போட்டுப் பூட்டிவிட்டேன். கடிதம் என்றால் தபால் பெட்டி வரை நடக்க வேண்டும். நடக்கும்போது பாதி வார்த்தையை அடிக்கத் தோன்றும். அடித்ததுபோக மிச்சம்தான் இது.

மருத்துவமனையிலிருந்து விட்டதும் உன் வீட்டுக்கு வராமல் நேரே இந்த ஊருக்கு வந்துவிட்டேன் என்று உனக்குக் கோபம். இருக்கட்டும். கம்பெனி இங்கே கிளை ஸ்டோரில் உட்கார வைத்திருக்கிறது. பதினாறு வருடம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன், இப்போது போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுக்கிறேன். தச்சுப் பட்டறைக்கு மேலே ஒரு அறை. காலை எட்டு மணிக்குக் கீழே ரம்பம் ஓட ஆரம்பித்தால் கட்டில் நடுங்கும். நானும் நடுங்குகிறேன், அதனால் பெரிதாகத் தெரிவதில்லை.

இந்த ஊர் டாக்டரைப் பார்த்தேன். மேலே போய்க் கீழே விழுகிற இந்த பைபோலார் வியாதிக்கு ஒன்பது வருடம் லித்தியத்தில் நன்றாக இருந்திருக்கிறேன் என்பதைப் படித்ததும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

"திரும்ப லித்தியமே குடுக்கலாம்னுதான் எனக்கும் தோணுது. ஆனா இதைப் பாருங்க."

காட்டினார். என்னை அனுப்பிய மருத்துவமனையின் கடிதம். 'நோயாளி மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. தகவல்: உடன் வசிக்கும் சகோதரி.'

"நினைச்சா போடுறது, நினைச்சா விடுறதுன்னா லித்தியம் சரிப்படாதுங்க. ரத்தத்துல கொஞ்சம் குறைஞ்சா பிரயோஜனம் இல்லை. கொஞ்சம் கூடினா விஷம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடம் ரொம்பக் குறுகல்."

"நான் ஒரு வேளையும் விட்டதில்லை டாக்டர்" என்றேன்.

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது.

ஆகவே இப்போது வால்ப்ரோயேட். கூடவே ராத்திரிக்கு ஒரு மாத்திரை. பலருக்கு இது கச்சிதமாகப் பொருந்துமாம். எனக்கு இல்லை. பன்னிரண்டு மணி நேரம் தூங்கி எழுந்தால், எழுந்ததற்குக் களைப்பாக இருக்கிறது. பதினொரு கிலோ ஏறிவிட்டேன். ஸ்க்ரூ டிரைவர் முனை ஸ்க்ரூவில் உட்கார மறுக்கிறது. ஜூன் பதினைந்தாம் தேதி கம்பெனி மருத்துவர் என்னைப் பரிசோதிப்பார். அதில் தேறாவிட்டால் மெக்கானிக் லைசென்ஸ் போய்விடும், திரும்பக் கிடைக்காது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த டாக்டருக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடு. 'என் தம்பி மாத்திரையை விடவில்லை' என்று. ஒன்பது வருடம் தினமும் என் எதிரில் நின்று "நாக்கைத் தூக்கு" என்று சொல்லிப் பார்த்தவள் நீ. உன்னைவிட நல்ல சாட்சி எனக்கு எங்கே கிடைக்கும்?

தம்பி

மார்ச் 9

தம்பிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். "எப்படி இருக்கே அக்கா" என்று எந்த மூலையிலாவது எழுதியிருக்கிறாயா என்று தேடினேன். இல்லை.

நான் பொய்ச் சாட்சி சொல்ல மாட்டேன். மாத்திரை உள்ளே போயிருந்தால் இதெல்லாம் எப்படி நடந்தது? நீ துப்பியிருக்கிறாய். எப்போது, எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ அதில் கைதேர்ந்தவன். வியாதி வந்த இரண்டாம் வருடம் டார்ச் லைட்டில் பேட்டரி போடுகிற இடத்தில் பதினாலு மாத்திரை ஒளித்து வைத்தாயே, நினைவிருக்கிறதா? அன்றைக்குத்தான் நாக்கைத் தூக்கச் சொல்ல ஆரம்பித்தேன். உன் நாக்கைப் பார்க்க எனக்கென்ன ஆசையா?

உனக்கு ஞாபகம் இல்லாததை நான் சொல்கிறேன். நவம்பரில் நீ ஒன்பது மாடிக் கட்டடத்து லிஃப்டை "முன்னேற்றுகிறேன்" என்று அதன் கன்ட்ரோல் போர்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய். உள்ளே ஒரு வயதான தம்பதி இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். "உங்க தம்பிக்கு உடம்பு சரியாச்சாம்மா?" என்று அவர் என்னைக் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம், நான் மூடி சரிபார்க்கிற எங்கள் பாட்டில் ஃபேக்டரி வாசல். ஷிஃப்ட் மாறுகிற நேரம். முன்னூறு பேர் வெளியே வருகிறார்கள். நீ கேட் மேல் ஏறி நின்று, "மூடி செக் பண்றவ என் வாயையும் செக் பண்றா! இவ வீட்டுல நான் பாட்டிலு!" என்று கத்தினாய். சிரித்தார்கள். இன்றைக்கும் பாக்கிங்கில் ஒருத்தி என்னைப் பார்த்தால் நாக்கைத் தூக்கிக் காட்டுகிறாள்.

எழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது என்று யோசித்திருப்பாய். யோசிக்காவிட்டாலும் சொல்கிறேன். ஆம்புலன்ஸ் வந்த அன்று நீ கதவை இழுத்த இழுப்பில் என் வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் உடைந்தது. கட்டுப் பிரித்து ஏழு வாரம் ஆகிறது. பேனா பிடித்தால் பத்து நிமிடத்தில் வலிக்கிறது.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ கேட்ட விதம் சொல்ல வைத்தது.

அந்த மாத்திரைப் பேச்சை இதோடு விடு. புது டாக்டர் கொடுப்பதைச் சாப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 17

அக்கா,

கை உடைந்தது எனக்குத் தெரியாது. வார்டுக்கு வரும்போதெல்லாம் நீ சால்வை போர்த்தியிருந்தாய். குளிருக்கு என்று நினைத்தேன். மன்னித்துவிடு என்று எழுதினால் உடைத்ததற்கு ஈடாகாது. ஆனாலும் எழுதுகிறேன். மன்னித்துவிடு.

இது தனி. மற்றது தனி. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி என் தலையில் வைக்காதே.

டார்ச் லைட் உண்மை. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று சொன்ன மறுவாரம். மேலே போயிருந்தபோது இருந்த அந்த வெளிச்சம் இனி வராது என்று அழுதுகொண்டு ஒளித்தேன். அதற்குப் பிறகு ஒளிக்கவில்லை. ஏன் தெரியுமா? உனக்குப் பயந்து இல்லை. எனக்கு அந்த மருந்து பிடித்துப்போனது. நீ பக்கத்து வீட்டில் "மாத்திரை போட்டதுலேருந்து தம்பி அமைதியாயிட்டான்" என்பாய். அமைதியெல்லாம் ஆகவில்லை. சந்தோஷம் வந்தால் சந்தோஷம் மட்டும் வந்தது. கோபம் வந்தால் கோபம் மட்டும் வந்தது. அதன் பின்னால் ஊர்வலம் வரவில்லை. லிஃப்டில் வேகம் மீறினால் மட்டும் பிடிக்கிற ஒரு கருவி உண்டு. ஒழுங்காக ஓடும்போது அது இருப்பதே தெரியாது. தாகம் எடுத்தது, டீ குடிக்கும்போது விரல் லேசாக நடுங்கியது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம், சிறுநீரகம், தைராய்டு என்று பார்க்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் தொல்லை. ஒன்பது வருடம்.

நான் கோபப்பட்டால் நீ கேட்பது ஒரே கேள்வி. "நேத்து தூங்கினியா?" நீ சட்டினியில் உப்புப் போட மறந்தால் அது மறதி. நான் அதைச் சொன்னால் அது வியாதி. இந்த ஒன்பது வருடத்தில் ஒருமுறைகூட என்னோடு நீ சண்டை போட்டதில்லை. அளந்து பார்த்தாய்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டோரில் உட்கார்ந்து யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது. ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது.

அக்டோபரில் ரத்தம் பார்த்தார்கள். லித்தியம் 1.2 என்று வந்தது. கூடுதல், கையும் நடுங்குகிறது என்று டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். தினம் மூன்றாக இருந்தது இரண்டானது. எட்டு நாள் கழித்து மறுபடி ரத்தம். 0.8. "கரெக்டா இருக்கு" என்றார். அதிலிருந்து நாலைந்து வாரத்தில் நான் லிஃப்டை முன்னேற்றப் போய்விட்டேன்.

துப்புகிறவன் ரத்தத்தில் எப்படி அக்கா 1.2 வரும்? குறைவாக அல்லவா வர வேண்டும்?

டாக்டரிடம் கேட்டேன். அந்த அம்மாவும் பேனாவை மூடி வைத்துவிட்டு யோசித்தார். "ரத்தம் எடுத்த நேரமும், அதுக்கு முன்னாடி கடைசி மாத்திரை போட்ட நேரமும் தெரிஞ்சா சொல்லிடலாம். லேப் சீட்டு இருக்கா?" என்றார். அந்த மருத்துவமனைக்கு நகல் கேட்டு எழுதியிருக்கிறேன்.

சீட்டு வரும் முன்னால் உனக்கு எதுவும் ஞாபகம் வந்தால் எழுது.

தம்பி

மார்ச் 24

தம்பிக்கு,

என்னைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்கிறாயா? ஐந்து மாதத்துக்கு முன்னால் எத்தனை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள் என்று நான் நோட்டுப் போட்டா வைத்திருக்கிறேன்?

ஃபேக்டரியில் ஆள் குறைப்பு. இரண்டு லைனையும் நானே பார்க்கிறேன். கை வலிக்கிறது. நீளமாக எழுத முடியாது.

உன் கடிதம் ஐந்து பக்கம். ஒரே இரவில் எழுதினாயா? தூங்குகிறாயா?

அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

தூங்கினேன். ஒன்பது மணி நேரம். எழுந்து, பல் தேய்த்து, முகம் கழுவி, காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, முழு நிதானத்தில் கோபப்படுகிறேன். எங்காவது குறித்துக்கொள்.

சீட்டு வந்துவிட்டது. இரண்டு சீட்டு.

முதலாவது, அக்டோபர் 14. ரத்தம் எடுத்த நேரம் 9.10. அதற்குக் கீழே ஒரு வரி, அச்சடித்த வரி, 'கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு'. அதன் எதிரில் பேனாவால், லேப்காரரின் கையெழுத்தில்: 'காலை 7. தகவல்: சகோதரி.'

இரண்டாவது, அக்டோபர் 22. 9.20. 'காலை 7. தகவல்: சகோதரி.'

டாக்டர் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு தாளில் மலை மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டினார். மாத்திரை விழுங்கி இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து உச்சியில் நிற்கும். அப்போது எடுத்தால் அது உச்சியின் அளவு. மருத்துவர்கள் பார்க்க வேண்டியது கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து இறங்கி நிற்கிற அளவு. "உங்களுக்கு அன்னிக்கு நிஜமா 0.7 இருந்திருக்கும். ரொம்ப நல்ல அளவு அது. அதைப் போய்க் குறைச்சிருக்காங்க. அடுத்த டெஸ்ட்லயும் அதே தப்பு. 0.8ன்னு காட்டுச்சே, அது நிஜத்துல 0.4தான் இருந்திருக்கும். உங்க மருந்து உங்களைக் கைவிடலை. உங்ககிட்ட இருந்து மூணுல ஒண்ணைப் பிடுங்கிட்டாங்க."

புரிகிறதா? நான் மாத்திரையைத் துப்பியதால் விழவில்லை. நீ ஊட்டிய ஒரு மாத்திரையால் விழுந்தேன்.

பழைய டாக்டர் இருந்தவரை மூன்றும் ராத்திரியில்தான். காலையில் ரத்தம் கொடுத்தால் கணக்குத் தானாகவே சரியாக வந்தது. அவர் ஓய்வு பெற்று, புதிதாக வந்தவர்தான் வயிற்றுக்கு நல்லது என்று காலை ஒன்று, ராத்திரி இரண்டு என்று பிரித்தார். அதற்குப் பிறகு வந்த முதல் ரத்தப் பரிசோதனை அது.

அந்தக் காலை எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. வியாதியில் இல்லாத காலை அது. செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன்.

"டெஸ்ட் முடிஞ்சு வந்து போட்டுக்கறேன்கா. வெறும் வயித்துல குமட்டுது."

"ஏழு மணின்னா ஏழு மணி. வாயைத் திற."

"ரத்தம் குடுக்கப் போறேன்கா, ஓடியா போறேன்?"

"உன்னை எனக்குத் தெரியாது பாரு! திற."

திறந்தேன். முப்பத்தாறு வயது ஆள் நடுக்கூடத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். நாக்கையும் தூக்கினேன்.

லேப்பில் அந்த மனிதர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், "கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு சார்?" நான் வாயெடுக்கும் முன்னே நீ சொன்னாய், "ஏழு மணிக்கு. ஒரு வேளை தவறினதில்லைங்க, நான் பார்த்துக்கறேன்." உன் குரலில் அப்படி ஒரு பெருமை. அவர் எழுதினார். அங்கிருந்த டாக்டர் எண்ணை மட்டும் பார்த்தார், எழுத்தைப் பார்க்கவில்லை. அவர்களையும் நான் விடப்போவதில்லை. ஆனால் அவர்கள் யாரோ.

எனக்கு ஏன் இந்தப் பன்னிரண்டு மணி நேரம் தெரியவில்லை என்று நீ கேட்கலாம். ஒன்பது வருடம் நீ என்னோடு உள்ளே வந்தாய். நீ கேட்டாய், நீ பதில் சொன்னாய், டாக்டர் உன்னைப் பார்த்தே பேசினார். நான் அவருடைய மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எத்தனை மீன் என்று கேள், சொல்கிறேன்.

எனக்கு இப்போது ஒன்றுதான் தெரிய வேண்டும். மார்ச் ஒன்பதாம் தேதி "அந்த மாத்திரைப் பேச்சை இதோடு விடு" என்று எழுதினாயே, அப்போது உனக்குத் தெரியுமா, தெரியாதா?

டாக்டர் சீட்டை நம்புகிறார். ஆனால், "உங்க அக்கா அந்தத் தகவலை எழுத்துல மாத்திக் குடுத்தா நல்லது. நாளைக்குக் கம்பெனி டாக்டரும் இதே ஃபைலைத்தான் பார்ப்பார்" என்கிறார். அதில் நான் இன்னும் மாத்திரை துப்புகிறவன்தான்.

பதில் வராவிட்டால், தெரிந்துதான் எழுதினாய் என்று எடுத்துக்கொள்வேன்.

தம்பி

ஏப்ரல் 8

தம்பிக்கு,

தெரியும்.

உன்னை வார்டில் சேர்த்த அன்று தெரியாது. அன்று நான் சொன்னது நான் நம்பியது. மூன்று வாரம் கழித்து வார்டில் பழைய ரிப்போர்ட் கேட்டார்கள் என்று லேப்புக்குப் போனேன். அதே மனிதர் இருந்தார். என் கையில் கட்டைப் பார்த்துவிட்டு உட்காரச் சொன்னார். "போன தடவையே கேக்கணும்னு நினைச்சேன்மா. இந்த டெஸ்ட்டுக்குக் காலை மாத்திரை போடாம வரணும். ரத்தம் குடுத்த அப்புறம்தான் போடணும். டாக்டர் சொல்லலையா?"

"போட்டுட்டு வந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"கூடக் காட்டும்மா."

பஸ் ஏறினேன். கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து எழுப்பினார். நான் தூங்கவில்லை. நம் நிறுத்தம் போனது தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் சொல்லவில்லை என்பதற்கு முதலில் வேறு எழுதினேன். சொன்னால் நீ மருந்தையே நம்பாமல் போய்விடுவாய் என்று பயந்ததாக. அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். அது பாதி உண்மைகூட இல்லை. ஒன்பது வருடமாக எல்லோரும் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்கள். "அக்கா இல்லேன்னா அவன் என்ன ஆயிருப்பான்!" அது எனக்குப் பிடித்திருந்தது. என் கையைத் தாண்டி ஒரு கோணல் மூடி வெளியே போனதில்லை என்று ஃபேக்டரியில் பேர் வாங்கியவள் நான். இதைச் சொன்னால் அது இரண்டும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீ துப்பினவன் என்றே இருக்கட்டும் என்று விட்டேன். நாலு மாதம். உன் உடம்பு ஏறுகிறது, கை நடுங்குகிறது என்று நீ எழுதியதைப் படித்த பிறகும் விட்டேன். உன் கை நடுங்குவதைப் படித்துவிட்டு, என் கை உடைந்ததை எழுதினேன். நீ வாயடைத்துப் போவாய் என்றுதான்.

இப்போது என் கோபத்தையும் கேட்டுக்கொள். குற்றம் செய்தவளுக்குக் கோபம் வரக்கூடாது என்று சட்டம் இல்லை.

நீ மீன் எண்ணினாய் என்கிறாய். சரி, யார் எண்ணச் சொன்னது? ஒன்பது வருடத்தில் ஒரு தடவை, "அக்கா, நீ வெளியில உக்காரு, நான் பேசிக்கறேன்" என்று சொன்னாயா? சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஆனால் உட்கார்ந்திருப்பேன். உனக்கும் அது வசதியாக இருந்தது. மாத்திரை, சீட்டு, தேதி, டாக்டர் எல்லாம் என் தலையில். வியாதி உன்னுடையது, பயம் என்னுடையது என்று பிரித்துக்கொண்டோம். பெண் பார்க்க வந்த இரண்டு இடத்திலும் "தம்பியை யார் பாத்துப்பா?" என்று கேட்டார்கள். இரண்டு தடவையும் நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். அதை உன்னிடம் எப்போதாவது சொல்லிக் காட்டியிருக்கிறேனா? இப்போது காட்டுகிறேன்.

நான் உன்னோடு சண்டை போடவில்லை, அளந்து பார்த்தேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியை மட்டும் எதிர்த்து எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

டாக்டருக்குத் தனியாக எழுதி இதோடு வைத்திருக்கிறேன். ஒட்டவில்லை. படித்துவிட்டுக் கொடு.

அக்கா

(இணைப்பு)

மருத்துவர் அவர்களுக்கு,

என் தம்பி மாத்திரையை ஒழுங்காக உட்கொள்ளவில்லை என்று நவம்பர் 29 அன்று மருத்துவமனையில் நான் சொன்ன தகவல் தவறு. கடந்த ஒன்பது ஆண்டுகளில், தொடக்க வாரங்களைத் தவிர, அவர் ஒரு வேளையும் தவறவிட்டதாக நான் கண்டதில்லை. அக்டோபர் 14, 22 ஆகிய இரு நாளும் ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு மணி நேரம் முன்பு அவர் வேண்டாம் என்று சொன்னதையும் மீறி நான் மாத்திரை கொடுத்தேன். பரிசோதனைக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்பே மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. டிசம்பரில் தெரிந்தது. தெரிந்த பின்பும் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய கோப்பில் உள்ள என் தகவலை நீக்கி இதைச் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

சகோதரி

மே 11

தம்பிக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. கோபமாக இருப்பாய், இரு.

மாத்திரை மாற்றினார்களா, போடுகிறாயா, எத்தனை மணிக்குப் போடுகிறாய் என்றெல்லாம் கேட்க மாட்டேன். கேட்காமல் இருக்கிறேன் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். ஏழு மணி ஆனால் இன்னும் எழுந்து போய் அலமாரியைத் திறக்கிறேன். திறந்துவிட்டு மூடுகிறேன். பைத்தியக்காரத்தனம் என்று எழுத வந்தேன், உனக்கு அந்த வார்த்தை பிடிக்காது.

பாக்கிங்கில் நாக்கைக் காட்டுகிறவளிடம் நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் அவளிடம் போய்ச் சொன்னேன் என்று தெரியவில்லை. "அதுக்காக அவரு கேட் மேல ஏறலாமா?" என்றாள். ஏறலாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அக்கா

ஜூன் 19

அக்கா,

உன் காகிதத்தை டாக்டர் இரண்டு முறை படித்தார். கோப்பில் சேர்த்தார். பழைய வரியை அழிக்க முடியாதாம். அதன் குறுக்கே கோடு போட்டுப் பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் போட்டார். கோட்டின் அடியில் அந்த வரி இன்னும் தெரிகிறது. தெரியட்டும்.

சிறுநீரகம், தைராய்டு, இதயம் எல்லாம் பார்த்துவிட்டு ஏப்ரல் மூன்றாம் வாரம் லித்தியம் ஆரம்பித்தார்கள். முதலில் குறைவாக. ஒரு வாரம் கழித்து ரத்தம், கொஞ்சம் கூட்டி மறுபடி ரத்தம். மற்றதைப் படிப்படியாகத்தான் குறைக்கிறார்கள், சட்டென்று நிறுத்தக் கூடாதாம். மூன்றும் ராத்திரி எட்டரைக்கு. போன வாரம் 0.7. வெயிலில் வேலை செய்தால் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், உப்பைத் திடீரென்று குறைக்கக் கூடாது, கண்ட வலி மாத்திரையையும் கடையில் வாங்கிப் போடக் கூடாது. எல்லாம் நானே கேட்டு, நானே எழுதிக்கொண்டேன். இந்த டாக்டரிடம் மீன் தொட்டி இல்லை.

பதினைந்தாம் தேதி கம்பெனி மருத்துவர் பார்த்தார். லைசென்ஸ் பிழைத்தது. ஆனால் தனியாகப் போகக் கூடாது, ஆறு மாதம் இன்னொரு மெக்கானிக்கோடுதான். அவன் என்னைவிடப் பத்து வயது சின்னவன். "அண்ணே, நீங்க ஸ்பேனர் மட்டும் எடுத்துக் குடுங்க" என்கிறான். கொடுக்கிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுக்கிறேன்.

உன் மேல் கோபம் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய், நான் பொய்யன் ஆவேன். நாலு மாதம் நீ வாயை மூடியிருந்ததை நினைத்தால் இப்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது. வீட்டுக்கு வர மாட்டேன். இந்த அறையிலேயே இருப்பேன். ஆனால் நீ எழுதியதில் ஒன்று சரி. நான் ஒரு தடவையும் உன்னை வெளியே உட்காரச் சொல்லவில்லை. அந்தப் பெண் பார்க்க வந்த கதையும் எனக்குத் தெரியாது. அதற்கு இந்தக் கடிதத்தில் பதில் இல்லை. இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

இந்த வியாதி திரும்ப வரலாம் என்று டாக்டர் சொல்கிறார். ஒழுங்காக மருந்து சாப்பிட்டாலும் வரலாம், வாய்ப்புக் குறைவு, அவ்வளவுதான். நான் நிதானமாக இருக்கும்போதே ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார். மறுபடி மேலே போனால் யாருக்குச் சொல்ல வேண்டும், அவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது. இரண்டு வாரம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சுற்றினேன். கீழே பட்டறைக்காரரின் பெயரை எழுதினேன். அவர் நல்ல மனிதர். ஆனால் நான் ஒரு சத்தம் போட்டால் போய்விடுவார்.

அடித்துவிட்டு உன் பெயரை எழுதினேன்.

நிபந்தனைகளைக் கவனமாகப் படி. மாத்திரையை நீ தொடக் கூடாது. டாக்டர் அறைக்குள் வரக் கூடாது. நான் கத்துவது, கடிதத்தில் திட்டுவது, பத்துப் பக்கம் எழுதுவது, பதிலே எழுதாமல் இருப்பது, இதெல்லாம் கோபம். இதற்கெல்லாம் தூங்கினாயா என்று கேட்காதே. திருப்பித் திட்டு.

ஆனால் தொடர்ந்து இரண்டு இரவு நான் தூங்காமல், மூன்றாம் நாளும் களைப்பே இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தால், பட்டறைக்காரர் உனக்குப் போன் செய்வார். அன்று நீ கிளம்பி வா. டாக்டருக்கு நீயே சொல்லலாம், கையெழுத்துப் போடலாம், ஆம்புலன்ஸ் கூப்பிடலாம். கதவு பக்கம் மட்டும் நிற்காதே.

அன்று நான் உன்னைப் போகச் சொல்வேன். எல்லோர் முன்னாலும் சொல்வேன். உனக்கு எது வலிக்கும் என்று தேடி எடுத்துச் சொல்வேன். போகாதே.

மற்ற நாளில் போகச் சொன்னால், போ.

தம்பி